சீட்டு போனது, ஆள் போய்ச் சேர்ந்தாரா?

கோத்தகிரிப் பக்கம் ஐந்து சிறு அமைப்புகள் சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஒரு கிளினிக், பழங்குடி ஊர்களுக்குப் போகும் மருத்துவ வண்டி, வலிநிவாரணக் குழு, குடிமறுவாழ்வு ஆலோசனை மையம், கண் முகாம் நடத்துகிறவர்கள். ஒருவர் மற்றவருக்கு நோயாளிகளைச் சீட்டு எழுதி அனுப்புகிறார்கள். ஊட்டிக்கும் கோவைக்கும் மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். அனுப்பியவர்களில் பாதிப் பேர் என்ன ஆனார்கள் என்றே தெரிவதில்லை. இப்படி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நோயாளியை அனுப்புவதைத்தான் ரெஃபரல் என்கிறோம். ஒரு மென்பொருள் நிறுவனம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய்க்கு ரெஃபரல் ஆப் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா, சிக்னல் இல்லாத ஊர்களில் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இது.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். மூன்று மாதம் ஒரு கூகுள் ஷீட்டும் ஒரு போனும் வைத்து நடத்திப் பாருங்கள். அதற்குப் பிறகு ஆப் தேவைப்பட்டால், அதில் என்ன இருக்க வேண்டும் என்று நீங்களே அந்த நிறுவனத்துக்குச் சொல்வீர்கள். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். கூடலூர், பந்தலூர் பக்கம் பதினெட்டு ஆண்டு மருத்துவமனைப் பதிவேடுகளோடு இருந்தவள் நான். இந்த விஷயத்தில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு.

பந்தலூர்ப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து பணியர் பழங்குடிப் பெண் ஒருத்தி வந்தாள். சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்த நோய் இருப்பவள், பதினாறு வயது இருக்கும். கடுமையான மூட்டுவலி, காய்ச்சல், மூச்சுத் திணறல். நாங்கள் சீட்டு எழுதி மேலே ஒரு மருத்துவமனைக்கு ஜீப்பில் அனுப்பினோம். அங்கே முதலுதவி செய்துவிட்டு, கோவைக்குக் கொண்டுபோங்கள் என்று இன்னொரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கையில் காசில்லை. அவ்வளவு பெரிய ஊரில் யாரையும் தெரியாது. அவளும் அம்மாவும் பஸ் ஏறிக் காலனிக்கே திரும்பிவிட்டார்கள். அவள் கோவையில் இருக்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம். அப்படி ஒருத்தி வர வேண்டும் என்பதே கோவையில் யாருக்கும் தெரியாது. கிராம சுகாதாரச் செவிலியரோ அவள் எங்களிடம் படுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நாள் வேறு வேலையாக அந்தக் காலனிக்குப் போன எங்கள் பணியாளர்தான் குடிசையில் அவளைப் பார்த்தார். பிழைத்துக்கொண்டாள். பிறகு நான் உட்கார்ந்து எல்லா நோட்டையும் புரட்டினேன். மூன்று இடத்து நோட்டிலும் அவள் பெயர் இருந்தது. மூன்றிலும் ‘அனுப்பப்பட்டார்’ என்றுதான் எழுதியிருந்தது.

அந்த மூன்று நோட்டையும் மூன்று கம்ப்யூட்டராக மாற்றியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். நடந்ததைப் பதிந்து வைக்கும் முறை வேறு, நடக்காமல் போனதை எடுத்துச் சொல்லும் முறை வேறு. மருத்துவமனைகளில் இருக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் முதல் வகை. ரெஃபரலுக்கு இரண்டாவது வகை வேண்டும். ‘இந்தப் பெண் நேற்று வந்திருக்க வேண்டும், வரவில்லை’ என்று யாராவது ஒருவருக்கு மறுநாள் காலையில் தெரிய வேண்டும். அதற்குத் தேவையானது ஒரு பாக்கிப் பட்டியல். மளிகைக் கடையில் பற்று நோட்டு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. தீர்ந்த கணக்கு அடிபட்டுவிடும், தீராதது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

ஷீட்டில் நிறையப் பத்திகள் போட்டுவிடாதீர்கள். அனுப்பிய நாள், யார், எங்கிருந்து, எங்கே, எதற்காக என்று ஒரே வரி. எந்தத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். கூடப் போகிறவர் பெயர், போன் நம்பர். ஊரில் யாருக்குப் போன் போட்டால் தகவல் கிடைக்கும். அப்புறம் நிலை. நிலைக்கு நான்கே சொற்கள் போதும்: அனுப்பினோம், போய்ச் சேர்ந்தார், பார்த்தார்கள், திரும்பி வந்து தொடர்கிறது. நான்காவது சொல் விழும்போதுதான் பாக்கி தீர்கிறது. டாக்டர் பார்த்துவிட்டார் என்பதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் மாத்திரை மாற்றி எழுதியிருப்பார்கள், ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருப்பார்கள். அந்தத் தகவல் உங்கள் கிளினிக்குக்குத் திரும்பாவிட்டால் பழைய மாத்திரையையே நீங்கள் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு வெளியே இன்னொரு பத்தி உண்டு. ‘போகவில்லை, காரணம்’. எனக்குப் பிடித்த பத்தி இதுதான். மூன்று மாதம் இதை நேர்மையாக நிரப்பினால் உங்கள் வட்டாரத்தைப் பற்றி எந்த ஆய்வும் சொல்லாததை இது சொல்லும். பஸ்ஸுக்குக் காசில்லை. சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தேயிலைக் கொழுந்து நன்றாக வரும் மாதம், ஒரு நாள் கூலியை விட முடியாது. வழியில் யானை நின்றது. போன தடவை அங்கே வரிசையில் திட்டினார்கள், இனிப் போக மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு, இதில் எதையும் ஆப் தீர்க்காது. ஆனால் எழுதி வைத்தால்தான் எதற்குப் பணம் செலவழிப்பது என்று தெரியும். எங்கள் பக்கம் கூடப் போக ஒரு ஆளும் பஸ் செலவும் ஏற்பாடு செய்ததில் கிடைத்த பலன் எந்த மென்பொருளிலும் கிடைத்ததில்லை.

காலக்கெடுவையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். அவசரம் என்றால் அன்றே. காசநோய்ச் சந்தேகம், கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் என்றால் சில நாட்கள். கண்புரைக்கு ஒரு மாதம் விடலாம். கெடு தாண்டிய பெயர் ஷீட்டில் தானாகச் சிவப்பாகும்படி செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் போனை எடுக்கிறவர் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்று விட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அந்த 2 லட்சத்தில் ஒரு உள்ளூர்ப் பெண்ணை வாரத்துக்குச் சில நாள் இதற்கென்றே வைக்கலாம். படுகர் மொழி பேசத் தெரிந்தவர், இருளர், குறும்பர் ஊர்களில் அறிமுகம் உள்ளவர் என்றால் இன்னும் நல்லது.

அடுத்தது எங்கே அனுப்புவது என்பது. வெளியூர் நிறுவனங்கள் செய்து தரும் ஆப்களில் மாவட்டம், வட்டம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று ஏணி மாதிரி ஒரு வரிசை இருக்கும். நீலகிரியில் அந்த ஏணி பல இடங்களில் ரோட்டோடு ஒட்டாது. தெங்குமரஹாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டம். ஆனால் பஸ் பவானிசாகரிலிருந்து காட்டு வழியாக மாயாற்றங்கரை வரை வரும், அப்புறம் பரிசலில் ஆற்றைத் தாண்ட வேண்டும். ஆற்றில் வெள்ளம் என்றால் பரிசலும் ஓடாது. அங்கிருந்து ஒரு கர்ப்பிணியைக் கோத்தகிரிக்கு அனுப்பு என்று திரை சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. அவர் போக வேண்டியது சத்தியமங்கலம் பக்கம், அது ஈரோடு மாவட்டம். எங்கள் பக்கமும் இப்படித்தான். சேரம்பாடி, அய்யன்கொல்லி மக்களுக்கு ஊட்டியைவிட வயநாட்டுச் சுல்தான் பத்தேரி பக்கம். சீட்டில் ஊட்டி என்று எழுதினாலும் ஜீப் பத்தேரிக்குத்தான் போகும். ஆகவே ஷீட்டில் ‘அனுப்பிய இடம்’ ஒன்று, ‘உண்மையில் போன இடம்’ ஒன்று என்று இரண்டு பத்தி வையுங்கள். கூடலூரிலிருந்து மைசூர் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பந்திப்பூர்க் காட்டு ரோட்டில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை. ஆம்புலன்ஸை விடுவார்கள், வாடகை ஜீப் நிற்க வேண்டியதுதான். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கேஸை அனுப்புகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மழைக்காலமும் கணக்கில் வர வேண்டும். 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைக் குன்னூர், ஊட்டிப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் மலைப்பாதை அடைபடுவதும், வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவதும் நமக்குப் புதிதல்ல. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை வைத்திருப்பதே இதனால்தான். பிரசவத் தேதி நெருங்குகிற பெண்களின் பெயர் பாக்கிப் பட்டியலில் மேலே வந்தால், மழைக்கு முன்னாலேயே கீழே அழைத்துவந்துவிடலாம்.

உங்கள் ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரு சேவைக் குறிப்பேடு வேண்டும். இதையும் ஷீட்டிலேயே இன்னொரு தாளாக வைக்கலாம். எந்த மருத்துவமனையில் ஸ்கேன் எந்த நாள், எலும்பு டாக்டர் எந்தக் கிழமை வருவார், ரத்தம் எங்கே கிடைக்கும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எங்கே ஏற்கிறார்கள், வார்டில் யாரிடம் பேசினால் தகவல் சொல்வார்கள். திங்கட்கிழமை காலை ஒருவர் நாலு போன் போட்டுச் சரிபார்த்து, பக்கத்தில் தேதி போட வேண்டும். தேதி பழையதாக இருந்தால் அந்த வரியை நம்ப வேண்டாம் என்று எல்லோருக்கும் புரியும். ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புதிய வளாகம் திறந்த பிறகு, கோவைக்குப் போனவர்களில் பலருக்கு இனி மலையிறங்க வேண்டிய தேவை இருக்காது. பழைய பழக்கத்தில் இன்னும் கோவைக்கே எழுதிக்கொண்டிருந்தால் அந்தப் பயணச் செலவு ஏழைகள் தலையில்தான் விழுகிறது.

அரசிடம் ஏற்கெனவே இருக்கும் முறைகளைத் திரும்பக் கட்ட வேண்டாம். கர்ப்பிணி என்றால் பிக்மி என்கிற அரசுப் பதிவு எண் இருக்கும், அதை ஷீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். காசநோய் என்றால் நிக்ஷய் என்கிற அரசுக் காசநோய்ப் பதிவின் எண். அது நாடு முழுவதற்கும் ஒன்றே என்பதால் நோயாளி பத்தேரிக்குப் போனாலும் அங்கே மாற்றிக்கொடுக்க அதிலேயே வழி இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் ஒருவர் இருப்பார். திரும்பி வந்தவருக்கு மாத்திரை தொடர்கிறதா என்று சொல்ல அவரைவிடச் சிறந்த ஆள் இல்லை. ‘ஆபா’ என்கிற 14 இலக்க நல்வாழ்வு எண்ணும் நல்லதுதான், சம்மதம் கொடுத்தால் பழைய பதிவுகளை வேறு மருத்துவமனை பார்க்க முடியும். ஆனால் நோயாளி வந்து சேரவில்லை என்பதை அது உங்களுக்குச் சொல்லாது. ஆபா எடுத்துவிட்டோம், ரெஃபரல் பிரச்சினை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நல்ல ரெஃபரல் முறை எப்படி இருக்கும் என்று கேட்டால் தமிழ்நாட்டின் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ பக்கம் கை காட்டுவேன். 2022-இல் தொடங்கியது. காசநோய் என்று தெரிந்த அன்றே ஊழியர் சிலவற்றைப் பார்க்கிறார். உயரத்துக்கு ஏற்ற எடை மிகவும் குறைவா, காலில் வீக்கமா, மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டுகிறதா, ஆக்சிஜன் 94-க்குக் கீழா, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா. இதற்கு ஆய்வகம் வேண்டாம். தாளில் குறித்துக்கொள்ளலாம். ஆபத்தானவர் என்றால் மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கே டாக்டர் உறுதி செய்து சேர்க்க வேண்டும். இதில் எத்தனை பேரை அனுப்பினோம் என்பதோடு கணக்கு நிற்பதில்லை. எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்றும் பார்க்கிறார்கள். கணினி இந்தத் தாளுக்குப் பின்னால்தான் வருகிறது. உங்கள் ஐந்து அமைப்புகளும் தங்கள் நோய்களுக்கு இப்படி ஆளுக்கு ஒரு சிறு தாள் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. குடிமறுவாழ்வு மையம், எந்த அறிகுறி தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று எழுத வேண்டும். குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வலிப்போ பிதற்றலோ வந்தால் ஆலோசனையோடு நிறுத்தக் கூடாது.

சீட்டின் முதல் வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிக்கிள் செல் உள்ளவர் என்றால் அது முதல் வரியில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். 1952-லேயே லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள், இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் பதிவுகளில் அது ஒன்று. அப்படியிருந்தும் ராத்திரிப் பணியில் இருக்கும் இளம் டாக்டருக்கு அது நினைவுக்கு வரும் என்று நம்பி இருக்க முடியாது. இந்த நோயாளிகளுக்குக் குளிர் பட்டால் வலி கூடும். கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக ஊட்டிக்கு ஏறும் ஜீப்பில் கம்பளி வேண்டும், தண்ணீர் குடிக்கக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். இதையும் சீட்டில் எழுதலாம். 2023 ஜூலையில் தொடங்கிய தேசியச் சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தில் பரிசோதனை செய்தவர்களிடம் அட்டை இருக்கும், அந்த விவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஒரு பெரிய தலைவலி. ஒரே காலனியில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். ஒரு சீட்டில் வெள்ளி என்றும் இன்னொன்றில் பெள்ளி என்றும் எழுதியிருக்கும். வயது ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. போன் நம்பர் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கும். ஆகவே பெயரை வைத்துத் தேடாமல், நீங்களே ஒரு எண் கொடுங்கள். அமைப்பின் எழுத்து, ஆண்டு, வரிசை எண், அவ்வளவு போதும். அதைச் சீட்டிலும் நோயாளி கையில் இருக்கும் அட்டையிலும் எழுதுங்கள். வார்டுக்குப் போன் போட்டு இந்த எண்ணைச் சொன்னால் குழப்பம் பெரிதும் குறையும்.

இப்போது வாட்ஸ்அப். உங்களிடம் ஏற்கெனவே ஒரு குழு இருக்கும், அதில் சீட்டுகளைப் போட்டோ எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். உடனே நிறுத்துங்கள். இது எனக்கு மிகவும் முக்கியமான விஷயம். பெயரை மறைத்து ‘இன்ன எஸ்டேட், இன்ன லைன், 34 வயதுப் பெண்’ என்று போட்டாலே போதும், மலையில் ஊருக்கே ஆள் யார் என்று தெரிந்துவிடும். சிக்கிள் செல் தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும். எச்.ஐ.வி. தெரிந்தால் வேலை போகும். 2017-இன் எச்.ஐ.வி. சட்டமும் அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இந்தத் தகவல்களை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்திருக்கிறது. குழுவில் போகலாம் என்றால் ரெஃபரல் எண் மட்டும்: ‘இந்த எண் போய்ச் சேர்ந்தார்’. மற்றதெல்லாம் ஷீட்டில், பெயர் சொல்லி அனுமதி கொடுத்தவர்களுக்கு மட்டும். குடிமறுவாழ்வு மையத்தின் வரிகளைக் கண் முகாம்காரர்கள் பார்க்க வேண்டியதில்லை. ஒரே ஷீட்டில் வரிகளை ஆளுக்கு ஆள் மறைக்க முடியாது, ஆகவே அந்த மையத்துக்குத் தனி ஷீட்டாகவே வையுங்கள். நோயாளியிடம் கேட்பதும் சடங்காக இருக்கக் கூடாது. ‘உங்க விஷயத்த யார் யாருக்குச் சொல்லலாம்?’ என்று அவர் மொழியிலேயே கேட்டு, வேண்டாம் என்றவரையும் அனுப்பிப் பின்தொடரலாம், எண்ணை மட்டும் வைத்து.

சிக்னல் இல்லாத இடங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மருத்துவ வண்டி போகும் ஊர்களில் டவர் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அங்கே கார்பன் தாள் வைத்த சீட்டுப் புத்தகம்தான் சரி, சாயங்காலம் கோத்தகிரி வந்ததும் ஷீட்டில் ஏற்றலாம். டேட்டா இல்லாத இடத்திலும் எஸ்.எம்.எஸ். சில நேரம் போகும். அவசரம் என்றால் எதையும் பதிந்துகொண்டிருக்காமல் முதலில் 108.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை இ-சஞ்சீவனி என்கிற அரசுத் தொலைமருத்துவச் சேவையில் டாக்டரிடம் பேசிப் பாருங்கள். 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது மக்கள் நேரடியாகப் பேசும் வசதி அதில் வந்தது. தோல், மாத்திரை மாற்றம் போன்ற சிலவற்றுக்கு அந்தப் பேச்சே போதும், மலையிறங்க வேண்டாம். வலிநிவாரணக் குழுவுக்கு இது பெரிய உதவி, படுத்த படுக்கையாக இருப்பவரை வண்டியில் தூக்கிப்போடுவது எவ்வளவு வேதனை என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்று மாதம் முடிந்து, மாதத்துக்கு நூறு பெயருக்கு மேல் வருகிறது, ஷீட் தாங்கவில்லை என்றால் மென்பொருள் பார்க்கலாம். அப்போதும் திறந்த மூல மென்பொருள்களை முதலில் பாருங்கள். நோயாளிப் பதிவுக்கான ஓபன் எம்.ஆர்.எஸ்., அதன் மேல் கட்டிய பாம்னி, சுகாதாரத் தரவுக்கான ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் டி.எச்.ஐ.எஸ். 2 ஆகியவை இருக்கின்றன. உரிமத்துக்குப் பணம் இல்லை என்றாலும் அமைத்துத் தரவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும், அந்தச் செலவைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். எந்த நிறுவனம் வந்தாலும் கேட்க வேண்டியவை இவை. டவர் இல்லாமல் வேலை செய்து, வந்ததும் தானாக ஏற்றுமா? ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் தரவு முழுவதையும் திறக்கக்கூடிய கோப்பாகத் தருவீர்களா? ஆபாவோடும், ஃபயர் என்கிற தரவுப் பரிமாற்ற முறையோடும் பேசுமா? தமிழில் வருமா? வராதவர் பட்டியலைக் காலையில் தானாகக் காட்டுமா? கடைசிக் கேள்விக்கு ‘அதெல்லாம் ரிப்போர்ட்டில் வரும்’ என்று பதில் வந்தால், கையெழுத்துப் போடாதீர்கள்.

பெரிய மருத்துவமனைக்காரர்கள் உங்கள் ஷீட்டில் வந்து எழுத மாட்டார்கள், அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். அவர்களுக்கு வேலை அதிகம். சீட்டின் அடியில் கிழித்துக்கொடுக்கும் துண்டு ஒன்று அச்சடியுங்கள்: பார்த்த தேதி, என்ன நோய், என்ன மருந்து, மறுபடி எப்போது. நான்கு வரிதான். அதை நிரப்பி நோயாளியிடமே கொடுத்தால் போதும் என்று டாக்டரிடமும் நர்சிடமும் ஒரு முறை நேரில் போய்ச் சொல்லுங்கள். உங்கள் ஆள் அந்தத் துண்டை வாங்கி ஷீட்டில் ஏற்றுவார். நேரில் போய்ப் பேசியபோது எங்களுக்கு மறுத்தவர்கள் மிகக் குறைவு, தபாலில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே வந்ததில்லை.

ஆரம்பிக்க நாள் பார்க்க வேண்டாம். ஐந்து அமைப்பிலிருந்தும் ஒவ்வொருவர் போன மாதத்துச் சீட்டுப் புத்தகத்தோடு ஒரு மேசையில் உட்காருங்கள். அனுப்பியவர்கள் பெயரை ஷீட்டில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். போன் இல்லாதவர்களுக்கு ஊர்ப் பணியாளரை அனுப்புங்கள். போகாமல் வீட்டிலேயே படுத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். அவர்களை அந்த வாரமே கூட ஆள் போட்டு அனுப்பிவிட்டு, மற்றதைப் பேசுங்கள்.